குக்கர் வாத்தியார்

இன்று, நான் பாடம் எடுக்கும் செம்பூர்ப் பள்ளியில் "சைலன்ஸ்" என்று கத்தியபோது குரல் கீச்சிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அப்பா நினைவு வந்தது.

தாராவியில் என் ஐந்தாம் வகுப்புக்கு அப்பாதான் வாத்தியார். அவர் கத்தினால் குரல் விசிலடிக்கும். பிள்ளைகள் 'குக்கர்' என்பார்கள். சாக்பீஸ் தூள் மணக்கும் அவர் சட்டையை ஒட்டியே தினமும் பள்ளிக்கு நடப்பேன்.

புதிதாகச் சேர்ந்த செல்வி கேட்டாள்: "ஏட்டி, குக்கர் உங்கப்பாவா?"

"இல்லட்டி, பக்கத்து வீட்டுக்காரரு."

திரும்பினால் அப்பா வகுப்பு வாசலில் நின்றிருந்தார். உள்ளே வந்து வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாசித்தார். என் பெயரையும் வாசித்தார்.

மறுநாள் அம்மாவிடம், "அவ முன்னால போகட்டும், நான் பொறவு வாரேன்" என்றார்.

அந்த வருஷம் முழுக்க அவர் செருப்புச் சத்தம் இருபதடி பின்னால் கேட்கும். ஒருநாள்கூட நான் நின்று அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.