ஃப்ளோரன்ஸ் திருப்பி அனுப்பிய ரத்தம்

சாந்தோமில் கடலைப் பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் என் அத்தை ஃப்ளோரன்ஸ் நர்ஸாக இருக்கிறாள். காலை நேரத்தில் அந்த வார்டுக்குள் கடலின் வெளிச்சம் வந்து கூரையில் அசையும். கட்டில்கள் எல்லாம் மெல்ல மிதப்பதுபோல் இருக்கும். ரத்தம் ஏற்றவேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே அத்தையின் வேலை. ஆபரேஷனுக்கு முன்பே நோயாளியின் உடம்பில் ரத்தம் ஊறிவிட்டால் வெளி ரத்தம் வேண்டாம். தொற்று குறையும், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆஸ்பத்திரிக்கும் நோயாளிக்கும் செலவு மிச்சம்.

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீன் விற்கும் தேவானை, கர்ப்பப்பைக் கட்டியோடு வந்தாள். மாதாமாதம் ரத்தம் கொட்டிக் கொட்டி உதடு வெளுத்திருந்தது. கணவர் செந்தில்குமார் தன் படகுக் கூட்டாளிகளை ரத்தம் கொடுக்கக் கூட்டி வந்திருந்தார். அந்தக் குப்பத்தில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் அப்படித்தான். அன்று படகு மணலிலேயே கிடக்கும்.

"மூணு வாரம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடட்டும், உடம்பு தேறினதும் ஆபரேஷன்னு டாக்டர் சொல்லிட்டார். இவங்க தொழிலுக்குப் போகட்டும் அண்ணே," என்றாள் அத்தை. டாக்டரிடம் பேசி அந்த மூன்று வாரத்தைக் கேட்டு வாங்கியவளே அவள்தான்.

"இன்னா சிஸ்டர், விளையாடுறியா? ஆளுங்க வந்து குந்தினு கீறாங்க!" என்றார் செந்தில்குமார்.

"மூணு வாரம் தாங்க, ஐஸுல வெச்ச மீனுன்னு நென்ச்சிக்கிச்சு சிஸ்டரு என்னை," என்றாள் தேவானை.

மூன்று வாரம் கழித்துச் சோதித்தால் ரத்த அளவு கொஞ்சமும் ஏறவில்லை. செந்தில்குமார் அத்தையின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"மாத்திரைய ஒழுங்கா முழுங்கினியா?" என்று தேவானையிடம் கேட்டாள் அத்தை.

"ஒரு நாள் வுடல. வலையில மீன் பிரிக்க சொல்லோ டீ வரும்ல, அத்தோட."

"டீயோடவா?"

"தண்ணியில போட்டா தொண்டையில நிக்குது சிஸ்டரு. டீ நல்லா ஸ்ட்ராங்கா இருந்தா வழுக்கினு போவும்."

டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. அதை முதலிலேயே சொல்லாமல் விட்டது அத்தைதான். டாக்டர் ரத்தப்போக்கை நிறுத்த மருந்து கொடுத்து, இன்னும் சில வாரம் பார்க்கலாம், இல்லையென்றால் ரத்தம்தான் என்றார்.

இந்த முறை இரும்புச்சத்து நரம்பு வழியே, கருப்பட்டிப் பாகின் நிறத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. பகலில் தூங்கியே பழகாத தேவானை அந்தக் கட்டிலில் ஒவ்வொரு முறையும் தூங்கிப்போனாள். தூக்கத்தில் விலை பேசினாள். "அதுக்குக் கொறஞ்சு வராதும்மா," என்று யாரிடமோ சொல்லிவிட்டுச் சிரித்தாள். அத்தை பக்கத்தில் நின்று அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். ஒரு மதியம் அதில் லேசாக, விடியலுக்கு முன் கீழ்வானம் போல, சிவப்பு தெரிந்தது. ரத்தச் சோதனையும் அதையே சொன்னது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் தேவானை குழறினாள்: "எத்தினி பேரு ரத்தம் குட்தாங்க?"

"யாரும் இல்ல. ஏத்தவே இல்ல."

"எங்க ஆளுங்க எங்க?"

"கடலுக்குப் போயிருக்காங்க."

தேவானை வெகுநேரம் கூரையில் அசையும் வெளிச்சத்தைப் பார்த்தாள்.

"வஞ்சிரம் பட்டிருக்கும். என் எடத்துல எவ குந்தினு விக்கிறாளோ," என்றாள். கண்ணை மூடிக்கொண்டு, மீன் விற்க உட்காரும் பெண்களை ஒவ்வொருத்தியாக நினைத்துப் பார்த்து, அவளைத் தேட ஆரம்பித்தாள்.