கச்சால் அக்காவின் காட்டுப்பாக்கு

போன வாரம் பல்வலியோடு டாக்டர் வீட்டு வராந்தாவில் காத்திருந்தேன். மூலையில் தொட்டியில் நின்ற சிறு பனைச்செடியை வரவேற்பில் இருந்த பெண் தூக்கிக்கொண்டுபோய், பதினொரு மணி வெயில் விழும் படியில் வைத்தாள். "வெயில் பட்டாத்தான் சார் தளதளன்னு வரும்" என்றாள். "வேண்டாம்மா, கருகிடும்" என்றேன். வலியில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பாள். அவள் உள்ளே போனதும், வீங்கிய கன்னத்தோடு தொட்டியைத் தூக்கிப் பழைய மூலையிலேயே வைத்தேன். கையில் ஈரமண் வாசனை ஒட்டிக்கொண்டது. அது போதும், மனசு ஒரு காலத்தில் நான் இருந்த தீவின் சிப்பிகாட் ஊருக்குப் போய்விட்டது.

இருபத்தாறு வயதில் அந்தத் தீவின் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில், மற்ற தீவுகளுக்குப் போகும் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கும் வேலை எனக்கு. தூத்துக்குடியில் பிறந்தவனுக்குக் கடல் புதிதில்லை. ஆனால் நாள் முழுக்க ஊர்ப்பேரைச் சொல்லி டிக்கெட் கேட்பவர்களை அனுப்பிவிட்டு, எனக்கென்று போக ஒரு இடம் இல்லாமல் உட்கார்ந்திருப்பது புதிது. சாயங்காலம் பஸ் பிடித்து சிப்பிகாட் வந்தால், தகரக்கூரை போட்ட வீட்டின் பின்கட்டு அறை. வீட்டுக்காரர் கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லாந்தில். முன்கட்டில் இருந்தபடி வீட்டைப் பார்த்துக்கொண்டவர் செல்லம்மா அக்கா. பக்கத்துப் பாக்குத் தோட்டத்தில் கூலிவேலை. எனக்கும் சேர்த்து ஒரு வேளைச் சோறு பொங்கித் தருவார்.

முதல் நாள், "நான் கச்சால்காரி தம்பி" என்றார். எனக்குக் காய்ச்சல்காரி என்று விழுந்தது. "மாத்திரை வாங்கிட்டு வரட்டுமாக்கா?" என்று கேட்டேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, சின்ன வயசில் பெற்றோருடன் கப்பலேறி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். அங்கேதான் கல்யாணம். சுனாமியில் கணவர் போய்விட்டார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பின்பக்கம் துவைகல்லின் ஓரத்தில், பலாமரத்தின் அடர்ந்த நிழலில் அந்தக் காட்டுப்பாக்கு நின்றது. என் நெஞ்சு உயரம். விரல் பருமனில் பச்சைத் தண்டு, அதில் வளையம் வளையமாகக் கோடு. பாக்குமரத்தைக் குழந்தையாகவே நிறுத்திவைத்த மாதிரி இருக்கும். கொத்தாகத் தொங்கும் பழம் பவளச் சிவப்பு. தெருவில் எல்லாரும் இந்தியில் ஜங்லி சுப்பாரி என்பார்கள். "இதைப் போட்டுக்கலாமாக்கா?" என்று கேட்டேன். "இது திங்கிற பாக்கு இல்ல தம்பி, பாக்குற பாக்கு" என்றார். வேலை முடிந்து வந்ததும் அதன் எதிரே குந்தி டீ குடிப்பார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேசக்கூடாது. பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள்கூட வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுவாள்.

அந்த வருஷம் கண் ஆபரேஷனுக்காக அக்கா மதுரைக்குப் போனார். கப்பல் டிக்கெட்டை நானே போட்டுக் கொடுத்தேன். போகும்போது, "மழ பெய்யலேன்னா தண்ணி ஊத்துங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்றார்.

ஒரு மாதம் ஆள் இல்லாத வீடு. பேச்சுக்கு ஆள் இல்லாமல் போனால் மனுசனுக்கு யோசனைகள் வரும். என் அறை எந்நேரமும் ஈரம். சட்டைக் காலரில் பூஞ்சை பூக்கும். பலாக்கிளைகளைக் கழித்துவிட்டால் அறைக்குக் காற்று வரும், பாவம் அந்தச் செடிக்கும் வெளிச்சம் கிடைக்கும். வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சம்மதம் வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளை வைத்துக் கழித்தேன். என் துணிக்கொடியில் முதன்முறையாக வெயில் விழுந்தது. அன்றைக்கு நான் பாட்டுக்கூடப் பாடினேன் என்று நினைக்கிறேன்.

நாலாம் நாள் ஓலை வெளுத்தது. பத்தாம் நாள் காகிதம் கருகின மாதிரி ஓரமெல்லாம் பழுப்பு. தண்ணீராக ஊற்றினேன். குடையைக் கட்டினேன். என் போர்வையை நனைத்துப் பந்தல் போட்டேன். நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்த ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் செடியைப் பார்க்கவில்லை, அண்ணாந்து மொட்டையாய் நின்ற பலாவைப் பார்த்தார். "இஸ்கோ சாயா சாஹியே தா பாயி" என்றார். இதற்கு நிழல்தான் வேண்டியிருந்தது தம்பி. தண்டின் உச்சியில் இருந்த குருத்து லேசாக இழுத்ததுமே கையோடு வந்துவிட்டது. குருத்து போனால் பனை, பாக்கு சாதிக்கு வேறு உயிர் கிடையாது என்றும் அவரே சொன்னார்.

அக்கா கறுப்புக் கண்ணாடியோடு கப்பலில் வந்து இறங்கினார். பஸ்ஸில் வழியெல்லாம் மதுரையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். நான் அவருடைய பையை மடியில் வைத்துக்கொண்டு உம் கொட்டினேன். வீட்டுக்கு வந்து நேராகப் பின்பக்கம் போனவர், கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரு கழிச்சது?"

"நான்தாக்கா. செடிக்கு வெளிச்சம் வரட்டும்னு..."

"செடிக்கா, ஒங்க சட்டைக்கா?"

அக்கா காய்ந்த தண்டைப் பிடித்துக்கொண்டு துவைகல்லில் உட்கார்ந்தார். அன்றுதான் சொன்னார். அலை வந்த மறு வருஷம் கணவரின் கூட்டாளி ஒருவர் கச்சாலுக்குப் போனாராம். எங்க வீட்டுல என்னா இருந்தாலும் எடுத்துக்கிட்டு வாங்கன்னு அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் திரும்பி வந்து பால்மாவு டின் ஒன்றை நீட்டினார். "வீடுன்னு ஒண்ணுமே இல்ல தம்பி. எங்க அவரு குளிக்கிற எடத்துக்குப் பின்னால, மேட்டுல நட்டு வெச்ச காட்டுப்பாக்கு மட்டும் நின்னுச்சாம். அதோட கன்னு ஒண்ணுதான் இது."

"எனக்குத் தெரியாதேக்கா" என்றேன்.

"சொல்லலதானே. எனக்கு சொல்ல ஏலாது" என்று உள்ளே போனார்.

எட்டு நாள் பேசவில்லை. சோறு மட்டும் நேரத்துக்கு என் வாசலில் மூடி இருக்கும். திட்டியிருந்தால் தின்றிருப்பேன். அந்தச் சோறு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் விடுப்புப் போட்டுவிட்டு, செடியடிச் சருகைக் கையால் கிளறினேன். மத்தியானத்துக்குள் பதினோரு விதை அகப்பட்டன. பாதிக்கு மேல் உளுத்தவை. அக்கா வந்து பார்த்தார். பக்கத்தில் குந்தித் தேட ஆரம்பித்தார்.

இலைமக்கும் மணலும் கலந்து பழைய டப்பாக்களில் ஊன்றினோம். மாதங்கள் போயின. ஒன்றே ஒன்று முளைத்தது, மீன்வால் மாதிரி பிளந்த ஒரு இலையோடு. இப்போது வீட்டில் நிழல் எங்கே இருக்கிறது? அக்கா சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒங்க ரூம்ல வைக்கலாமா தம்பி?" என்றார். ஜன்னலுக்குக் கீழே வைத்தோம். அதன்பிறகு அவருடைய டீ என் அறைக்கு வந்தது. ஆனால் அந்த நேரத்தில் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. இரண்டு தனிமையும் ஒரே அறையில் இருந்தன, அவ்வளவுதான்.

அது மூன்றாம் இலை விட்டபோது எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. "கொண்டு போறீங்களா?" என்று கேட்டார். இன்னொரு தடவை அதைக் கொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வேண்டாம் என்றேன். அப்புறம் எப்போதாவது போன் வரும். "தம்பி, நாலாவது எல வந்திருச்சு" என்பார். அடுத்த வருஷம் அஞ்சு. ஒருநாள் அலுவலகத்தில் அவசர வேலையாக இருந்தபோது அழைப்பு வந்தது. அப்புறம் கூப்பிடலாம் என்று விட்டேன். அந்த அப்புறம் மாதக்கணக்கில் போயிற்று.

பிறகு ஒரு கல்யாணத்துக்காக அந்தத் தீவுக்குப் போனபோது சிப்பிகாட் வீட்டைத் தேடிப் போனேன். பலாமரம் இருந்த இடத்தில் சிமெண்ட் தளம். அதில் வாடகை ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன. வீடு கைமாறி இடிபட்டிருந்தது. வங்காளி அம்மாள் வீட்டில் வேறு குடும்பம். மூலைக் கடைக்காரரிடம், "கச்சால்வாலி ஆன்ட்டி?" என்று கேட்டேன். "பதா நஹீ. மெயின்லாந்து சலீ கயீ ஷாயத்" என்றார். தெரியாதாம், மெயின்லாந்து போயிருக்கலாமாம். அங்கே அவருக்கு யாரும் கிடையாது.

வெயிலில் நின்றபடியே அக்காவின் பழைய எண்ணைப் போட்டேன். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ, கோன்?" என்றது ஒரு ஆண்குரல்.

யார் என்று சொல்ல வேண்டும். செல்லம்மா அக்காவுக்கு நான் யார்? அந்தக் குரலுக்குப் புரிகிற மாதிரி ஒரு உறவும் என் வாயில் வரவில்லை. "கோன் சாஹியே?" யார் வேண்டும் என்று கேட்டுவிட்டு அவரே வைத்துவிட்டார்.