பதினோரு பெயர்கள்

பச்சை அட்டை போட்ட வருகைப் பதிவேடு அது. ராஜபாளையம் ஸ்டேஷனில் அக்கா ரயிலைவிட்டு இறங்கியபோது கையில் பெட்டி இல்லை, படுக்கை இல்லை. அதை மட்டும் சேலைத் தலைப்பில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். ஐந்து வருஷம் ரங்கூனில், பிழைக்கப் போன நம் ஊர்க்காரர்களின் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள். யுத்தம் வந்து குண்டு விழுந்ததும் கப்பலில் ஒரே ஓர் இடம் கிடைத்தது, ஏறிவிட்டாள். அவள் வகுப்பின் பதினோரு பிள்ளைகளும் பெற்றோரோடு காட்டு வழியாக நடந்து வருவதாகப் பின்னால் கேள்விப்பட்டோம்.

அதைக் கேட்ட மறுநாள் காலை எட்டு மணிக்குப் பின்னறையில் அவள் குரல் எழுந்தது. பதிவேட்டை விரித்துவைத்துக்கொண்டு, வெறும் சுவரைப் பார்த்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். ஒரு குழந்தை எழுந்து நின்று "பிரசன்ட், மிஸ்" என்று சொல்லிவிட்டு உட்காரும் நேரம் காத்திருந்து, பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். நான் உள்ளே போகப் பார்த்தேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, போவாத. கூப்பிட்டு முடிக்கட்டும்."

தினமும் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போதகர் வந்து ஜெபித்தார். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாள் மந்திரித்த கயிறு கொண்டுவந்தாள். மற்ற நேரமெல்லாம் அக்கா சமைத்தாள், துவைத்தாள், சிரிக்கவும் சிரித்தாள். அதுதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது.

ஒரு காலை எஸ்தர் என்ற பெயரைக் கூப்பிட்டு நெடுநேரம் காத்திருந்தாள். மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் முறையும் கூப்பிட்டாள். பிறகு அந்தப் பெயரின்மேல் ஒரு கோடு இழுத்தாள். ஏன் என்று கேட்டேன்.

"பதில் சொல்லலியே," என்றாள்.

ஆனி மாதத்துக்குள் பத்துக் கோடுகள் விழுந்துவிட்டன. பாக்கியம் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. கதவுக்கு வெளியே மூச்சை அடக்கி நிற்பேன். எனக்கும் ஏதாவது கேட்டுவிடுமோ என்று பயம். அக்காவுக்குக் கேட்காமல் போய்விடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

ஆவணியில் ஒரு மத்தியானம் சேத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். பாக்கியத்தின் சித்தப்பா. பின்னால் மொட்டைத் தலையோடு ஒரு சிறுமி. முகத்தில் கண்கள் மட்டும்தான் இருந்தன. தாயும் தகப்பனும் வழியிலேயே இறந்துபோக, அசாம் முகாமிலிருந்து யாரோ கொண்டுவந்து சேர்த்தார்களாம். டீச்சரம்மாவைப் பார்க்க வேண்டுமென்று ஒரே பிடிவாதமாம்.

அக்கா கதவைப் பிடித்தபடி நின்றாள். கிட்டப் போகவில்லை. பிள்ளைதான் பேசினாள். "நான் தெனமும் சொன்னேன் மிஸ். காலையில நீங்க கூப்புடுவீங்கல்ல, பிரசன்ட்னு சொல்லிட்டுத்தான் நடப்பேன்."

"மத்தவங்க?"

"எல்லாரும் சொன்னாங்க மிஸ். எஸ்தர்தான் மொதல்ல நிறுத்துனா."

முதல் கோடு அந்தப் பெயரில்தான் விழுந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

இப்போது அக்கா உயிரோடு இல்லை. காட்டில் பசியோடு நடந்த குழந்தைகள் வகுப்பு விளையாட்டு விளையாடியிருக்கலாம், காய்ச்சலில் அது நிஜமாகத் தோன்றியிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் அந்தச் சிறுமி வருவதற்கு முன்பே பத்துக் கோடுகளையும் நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பாக்கியம் அன்று எங்கள் வீட்டிலேயே தங்கினாள். மறுநாள் எட்டு மணிக்குப் பழக்கத்தில் பின்னறை வாசலில் போய் நின்றேன். சத்தமே இல்லை. அக்கா அடுப்படியில் பிள்ளைக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். இனிமேல் கூப்பிட மாட்டாயா என்று கேட்டேன்.

"அவ வந்துட்டாளே. மத்ததுக தூங்கட்டும்," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் எந்தப் பிள்ளைக்கும் பாடம் சொல்லிக்கொடுக்கவில்லை. சாகும்வரை யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை. கொல்லையில் நான் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் நடந்து வந்து, தோளைத் தொட்டுத்தான் அழைப்பாள்.