தறியை நிறுத்தச் சொன்ன நர்சம்மா

போன மாதம் ஒரு திங்கட்கிழமை மதியம், நர்சம்மாவை அழைத்து வரப் போன டாக்சி அவர் இல்லாமல் திரும்பி வந்தது. டிரைவர் பழனியப்பன் இறங்கி, கதவைக்கூடச் சாத்தாமல் நின்றார்.

"நர்சம்மா போயிட்டாங்க வாத்தியாரே. நேத்து சாயங்காலம் நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தாங்களாம். காத்தாலயே எடுத்துட்டாங்க. நான் போறப்ப ஊட்டைக் கழுவி உட்டுட்டு இருந்தாங்க."

எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, கோபம். போவதற்கு இந்த நாள்தானா கிடைத்தது என்று நினைத்தேன். என் தம்பி ஆறுமுகம் எங்கள் தறிப்பட்டறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் வழியாக நூல் சுற்றும் தார்க்கட்டைகளை வீசியிருந்தான். தெருக்காரர்கள் என் வாசலில் நின்று, போலீசுக்குச் சொல்லப் போகிறோம் என்றார்கள். "நர்சம்மா வந்துட்டு இருக்காங்க" என்று சொல்லியே காலையிலிருந்து அவர்களை நிறுத்தி வைத்திருந்தேன். இனி அதைச் சொல்ல முடியாது.

எடப்பாடியிலும் சங்ககிரியிலும் அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். லோகாம்பாள் என்ற பெயர் உங்களில் பலருக்குத் தெரியாமலே இருக்கலாம், நமக்கெல்லாம் அவர் நர்சம்மாதான். பேசிக்கொண்டே ஊசி போட்டு முடித்துவிடுவார். கோபம் வந்தால் டாக்டரிடமே, "ஏனுங்க சார், கண்ணை ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டுவிடுவார். நம் ஊர் அரசு மருத்துவமனைக்கு மாற்றலாகி வருவதற்கு முன் சென்னையில் மனநோயாளிகள் வார்டில் பல வருடம் வேலை பார்த்தவர். அவர் சம்பளமில்லாமல் செய்த இன்னொரு வேலை சிலருக்குத்தான் தெரியும். புத்தி கலங்கியவர் இருக்கும் வீட்டுக்குப் போலீஸ் போவதற்கு முன்னால் அவர் போய்விடுவார். கையில் கயிறும் இருக்காது, கம்பும் இருக்காது.

அது எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்ல என் தம்பியிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எங்கள் பக்கம் இப்படிப்பட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறார்கள். "பழனிக்குப் போறோம், கெளம்பு சாமி" என்பார்கள். எழுபதுகளின் நடுவில் ஆறுமுகத்துக்கு முதல் முறை நோய் வந்தபோது, எங்கள் மாமாவும் அதையே சொன்னார். அவன் தானாகவே குளித்தான். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டான். முருகனுக்கு மொட்டை போட்டால் காதில் கேட்கிற குரல்கள் நின்றுவிடும் என்று அவனே எங்களுக்குச் சொன்னான். பழனிக்குப் போகிற வழி அவனுக்குத் தெரியும். பாதி வழியில் ஒரு பஸ் நிலையத்தில், சென்னை பஸ்ஸில் ஏற்றுகிறார்கள் என்று புரிந்ததும் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினான். அங்கிருந்த போலீஸ்காரர்கள் துரத்திப் பிடித்து அடித்தார்கள். முன்பல் உடைந்தது, வேட்டி அவிழ்ந்தது, அத்தனை சனம் பார்த்துக்கொண்டு நின்றது. சென்னையிலிருந்து குணமாகித் திரும்பிய பிறகும் அவன் எந்தக் கோயிலுக்குள்ளும் காலடி வைக்கவில்லை, போலீஸ் தொப்பியைக் கண்டால் வீட்டுக்குள் ஓடி ஒளிவான்.

அவசரநிலைக் காலம் முடிந்த பிறகு இரண்டாம் முறை வந்தது. அன்றும் இதே பட்டறை, இதே தாழ். நான் மருத்துவமனைக்கு ஓடி, டீயில் கலந்து கொடுக்க ஏதாவது தூக்க மருந்து தாருங்கள் என்று கேட்டேன். மருந்து அலமாரியருகில் நின்ற நர்சம்மா திரும்பிப் பார்த்தார். "இன்னைக்கு டீயில கலந்து குடுத்தீங்கன்னா, நாளைக்கு டீயும் குடிக்க மாட்டாருங்க. அப்புறம் உங்க கையால எதுவும் வாங்க மாட்டாரு," என்றார். வேலை முடிந்ததும் ஸ்டாண்டில் நின்ற பழனியப்பன் டாக்சியைப் பிடித்து, கேட்காமலே வந்து இறங்கினார்.

எடப்பாடித் தெரு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விசைத்தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் காதில் விழாது. நாங்கள் கதவில் வாயை வைத்துக் கத்திக்கொண்டிருந்தோம். நர்சம்மா கதவுப் பக்கமே போகவில்லை. "மொதல்ல தறியை நிறுத்தச் சொல்லுங்க. தெரு பூராவும். இந்தச் சத்தத்துல நல்லா இருக்கறவனுக்கே யாரோ கூப்படற மாதிரி இருக்குது," என்றார். தெருக்காரர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு பைத்தியத்துக்காகத் தெருவே தறியை நிறுத்துமா என்று கேட்டார்கள். அவர் ஒவ்வொரு பட்டறையாக ஏறி இறங்கினார், சிலரிடம் கெஞ்சினார், சிலரைத் திட்டினார். கடைசியில் எல்லாம் நின்றன. அப்படி ஒரு அமைதியை அந்தத் தெருவில் பகல் நேரத்தில் நான் கேட்டதே இல்லை.

கதவுக்கு எதிரில் மண்ணில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினார். "சாமி, நான் கவுருமெண்டு ஆஸ்பத்திரி நர்சு. உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கறேன். பழனிக்கு இல்லீங்க."

ஆறுமுகம் கதவுக்குப் பக்கத்தில் வரும் சத்தம் கேட்டது. பிறகு, "அடிப்பீங்களா?" என்று கேட்டான்.

"மாட்டேன்."

"ஊசி?"

"போடுவோமுங்க. வலிக்கும்."

எனக்கு அவர் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் பொழுது சாய்வதற்குள் ஆறுமுகம் தாழைத் திறந்து வெளியே வந்தான். டாக்சியில் எங்கே உட்காருகிறீர்கள் என்று அவனையே கேட்டார். முன்சீட்டில் உட்கார்ந்தான். என் தம்பியிடம் யாரோ ஒருவர் விருப்பம் கேட்டதைப் பார்த்து, தெரு என்றும் பாராமல் அழுதேன்.

அதன் பிறகு நானும் அவரோடு போகத் தொடங்கினேன். நர்சம்மா, நான், பழனியப்பன் என்று மூன்று பேர்தான். நர்சம்மா அப்போதிருந்த இன்ஸ்பெக்டரிடம் போய், "இந்த மாதிரி சேதி வந்தா மொதல்ல எங்களுக்குச் சொல்லி அனுப்புங்க. எங்களால முடியலைன்னா நீங்க வாங்க," என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் கெட்டவரில்லை. பைத்தியத்தை லாக்கப்பில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் கூச்சல் கேட்க எனக்கென்ன ஆசையா என்று சொல்லி ஒத்துக்கொண்டார். எழுத்தில் எதுவும் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சுதான். இரண்டு வருடம் போல அது நடந்தது. இளம்பிள்ளை ஊர் வரைக்கும்கூடப் போயிருக்கிறோம். சில வீடுகளில் எங்கள் மேல் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். ஒருமுறை வீட்டுக்குள்ளிருந்து வீசிய குழவிக்கல் என் தலையில் படாமல் தப்பினேன், அதைச் சொல்லிச் சொல்லி நர்சம்மா வழியெல்லாம் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஒரு தோட்டத்தில் நின்றுபோனது. அந்தத் தோட்டக்காரரின் பிள்ளைகள் இருக்கிறார்கள், பெயர் வேண்டாம். நடு வயது விவசாயி. வாய்க்கால் தகராறு ஒன்றில் முன்பு போலீசிடம் அடி வாங்கியவர். அரிவாளோடு வீட்டுக்குள் இருந்தார். நர்சம்மா ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து பேசப் பேச, அரிவாளைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். வண்டி சூடேறியிருந்தது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்கப் பழனியப்பன் தகர டின்னைத் தூக்கிக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனார். டாக்சி டிரைவர் காக்கிச் சட்டை போடாவிட்டால் வழியில் கேஸ் எழுதுவார்கள், அதனால் எப்போதும் காக்கிதான். நம் சீமையில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாம் காக்கி, அதை யாரும் கவனிப்பதே இல்லை. நாங்களும் கவனிக்கவில்லை.

விவசாயி ஜன்னல் வழியாக அந்தச் சட்டையைப் பார்த்தார். "போலீசைக் கூட்டியாந்துட்டியாடி!" என்று நர்சம்மாவைப் பார்த்துக் கத்தினார். பின்கதவு வழியாக ஓடினார். கோடையில் கிணற்றில் இடுப்பளவு தண்ணீர்தான் இருந்தது, கீழே பாறை.

அவருடைய மனைவி நர்சம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "போலீசு வந்திருந்தாக் கட்டிப் போட்டாவது உசுரோட வெச்சிருப்பாங்களே! பேசறேன் பேசறேன்னு கொன்னு போட்டியே!" நர்சம்மா அந்தக் கைகளை விலக்கவில்லை. ஊர்க்காரர்கள் பழனியப்பனை அடிக்கப் பாய்ந்தபோது மட்டும் நடுவில் வந்து நின்றார். "சட்டையைக் கழட்டச் சொல்லாம உட்டது நானுங்க. அடிக்கறதுன்னா என்னை அடிங்க," என்றார். அடி விழுந்தது. அதையும் வாங்கிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் ஏற்பாட்டை நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. திரும்பும் வழியில் நர்சம்மா, "இனிமேலு என்னைக் கூப்பிடாதீங்க வாத்தியாரே," என்றார். அடுத்த வாரமே ஒரு தாய் மருத்துவமனை வாசலில் வந்து விழுந்தாள். நர்சம்மா கிளம்பிவிட்டார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "நாம போகலைன்னா போலீசு போயிருமே," என்றார். பழனியப்பன் அன்று முதல் ஊர் எல்லையில் வண்டியை நிறுத்திக் காக்கியைக் கழற்றி, பனியனோடு ஓட்டினார்.

ஆனால் அதன் பிறகு போலீசிலிருந்து யாரும் எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. பெரும்பாலும் நாங்கள் போய்ச் சேரும்போது ஜீப் கிளம்பிக்கொண்டிருக்கும். அவர் அதன் பின்னாலேயே ஸ்டேஷனுக்குப் போய், உள்ளே விடாவிட்டால் வாசலில் உட்கார்ந்துகொள்வார். உள்ளே அடிக்கும் சத்தம் வெளியே கேட்கும். "நான் இங்கதான் இருக்கறேன் சாமி" என்று உரக்கச் சொல்வார். உள்ளே இருப்பவருக்கு அது கேட்டதா என்று எனக்குத் தெரியாது. அந்த வாசல்களில் நான் பட்ட அவமானத்தையும் ஆத்திரத்தையும் இன்றுவரை விழுங்க முடியவில்லை. மந்திரிக்கு மனு, கலெக்டருக்கு மனு என்று அலைந்ததெல்லாம் வீண். நர்சம்மா ஓய்வு பெற்றுச் சங்ககிரியில் தங்கை மகள் வீட்டுக்குப் போன பிறகும், பழனியப்பன் வண்டி போய் நின்றால் செருப்பைத் தேடிக்கொண்டே வெளியே வருவார்.

போன மாதத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். பழனியப்பன் சொன்னதை வாசலில் நின்றவர்கள் கேட்டார்கள். ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். தறியை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. தெருவில் சாவு விழுந்தால் தறியை நிறுத்துவது எங்கள் வழக்கம். ஒவ்வொரு பட்டறையாக நின்றது. அந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவர்கள். உயிரோடு இருக்கும் தம்பிக்காக நிறுத்தச் சொன்னபோது முணுமுணுத்தவர்கள், செத்தவருக்காகச் சொல்லாமலே நிறுத்தினார்கள். அதற்காக அவர்களிடம் நன்றி சொல்வதா, சண்டை போடுவதா என்று தெரியாமல் நின்றேன்.

சத்தம் அடங்கியதும் பட்டறைக்குள்ளிருந்து ஆறுமுகத்தின் குரல் கேட்டது. "ஏனுங்ணா, நர்சம்மா வந்துட்டாங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்கும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. மண்ணில் உட்கார்ந்தேன்.

"வரலை சாமி. நேத்து செத்துப் போயிட்டாங்க."

அவன் அழுவது கேட்டது. பிறகு, "அப்ப போலீசு வருமா?" என்றான்.

"இன்னைக்கு வராது. நான் இருக்கறேன்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் நான் இருக்கறேன்."

"நீங்களும் செத்துப் போயிட்டீங்கன்னா?"

அவன் புத்தி கலங்கிக் கேட்ட கேள்வி அல்ல அது. எனக்கு அடுத்த வருடம் ஓய்வு. பழனியப்பனுக்குக் கண்ணில் புரை. "தெரியலை சாமி," என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் தாழ் விலகும் சத்தம் கேட்டது. அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இந்த முறை தப்பித்துவிட்டான்.

நர்சம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, பூட்டிய கதவுக்கு முன்னால் பொய் சொல்லாமல் உட்காரும் பழக்கம் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு தம்பியை, அதுவும் ஒரு முறை, வெளியே கொண்டுவர முடிந்தது. நான் இல்லாத நாளில் அவன் மறுபடியும் தாழ் போட்டுக்கொள்வான். நர்சம்மாவை அறிந்தவர்களே, அன்றைக்கு உங்களில் யார் வருவீர்கள்?