‘எங்கள் தந்தையே’ என்று சொல்ல வராத நாள்

இதை உங்கள் முன் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. மறைத்தால் ஆண்டவர் செய்த உதவியையும் மறைத்தவனாவேன்.

1991, திருநீற்றுப் புதன். அன்று என் அப்பா மண்ணுக்குள் புதைந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஐ.டி.ஐ. முடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். அங்கேயே புது ஷெட்டுக்குக் கடைக்கால் தோண்டும் கூலி வேலைக்கு அப்பாவும் வந்தார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று காலை இருவரும் கோயிலில் நெற்றியில் சாம்பல் பெற்றோம். கம்பெனி கேட் தெரிந்ததும் நான் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். அப்பா பார்த்தார். அவர் நெற்றியில் சாம்பல் சிலுவை அப்படியே இருந்தது.

டீ நேரம். ஒருசந்தி நோன்பு என்பதால் அப்பா டீகூடக் குடிக்காமல் பள்ளத்தில் வெட்டிக்கொண்டிருந்தார். என்னோடு வேலை செய்யும் சேகர் சிரித்தான்.

“இன்னாடா, அந்தப் பெரியவரு பட்டையைக் கோணலா போட்டுகினு உன்னையே பாக்குறாரு? சொந்தமா?”

“சேச்சே. எங்க ஊரு ஆளு.”

அப்பா காதில் விழுந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி மண்ணை வெட்டத் தொடங்கினார்.

சாப்பாட்டு மணி அடிக்கும் முன் பள்ளத்தின் கரை சரிந்தது. ஓடினேன். அப்பாவைக் காணோம். எல்லாரும் கையாலேயே மண்ணை வாரினோம். வாரிக்கொண்டே ஜெபத்தைத் தொடங்கினேன். “விண்ணுலகில் இருக்கிற எங்கள்...” அதற்கு மேல் வரவில்லை. அடுத்த சொல் ‘தந்தையே’. சற்று முன்தான் ஒரு தந்தையை இல்லை என்றேன். அதே வாயால் இன்னொருவரை எப்படிக் கூப்பிடுவது? மறுபடி தொடங்கினேன். மறுபடி அங்கேயே நின்றது. கடைசியில் “அப்பா” என்று கத்தினேன். இருவரில் யாரைக் கூப்பிட்டேன் என்று இன்றும் தெரியாது.

“கை அசையுது, இங்க வாருங்கடா” என்றான் சேகர்.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு நினைவு திரும்பியது. நர்ஸ் கேட்டார், “கூட வந்தவரு யாருங்க?”

அப்பா என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் நின்ற சேகரையும் பார்த்தார்.

“எங்க ஊரு புள்ளம்மா.”

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. என் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னார். மண்ணுக்குள்ளிருந்து மீண்டு வந்தவர் எனக்காகப் பொய் சொன்னார். என்னால் நிமிர முடியவில்லை.

“நான் இவரு மகன்மா” என்றேன்.

“அடப்பாவி, டீ குடிக்கும்போதே சொல்றதுக்கு இன்னா?” என்று சேகர் என் தலையில் தட்டினான். அப்பா விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அதன் பிறகு நான் சாம்பலைத் துடைத்ததே இல்லை. அப்பா குணமாகி வேலைக்குத் திரும்பியதும் அவரோடுதான் கேட்டுக்குள் நுழைந்தேன். ஆனால் இன்றும் பூசையில் ‘தந்தையே’ என்ற சொல் வரும்போது தலை தானாகக் குனிகிறது.

சகோதர சகோதரிகளே, வெட்கத்தால் உங்கள் ஜெபம் பாதியில் நின்றுபோனால், நின்ற இடத்திலேயே ஆண்டவரைக் கூப்பிடுங்கள். என் ஜெபத்தை நான் முடிக்கவே இல்லை. முடிக்கும் வரை அவர் காத்திருக்கவும் இல்லை.