மேல்வீட்டு அன்ரி வென்ற நாள்

எங்கள் வீட்டில் தொலைக்காட்சி இருந்தது. மேல்வீட்டு அன்ரியிடம் தொலைபேசி இருந்தது. டேனிஷ் நகரமான ஹேர்னிங்கில் அந்தக் குளிர்காலம் முழுவதும் நாங்கள் ஒரே குடும்பம் போல இருந்ததற்கு இதுவே முதற்காரணம். இரண்டாவது, அன்ரியும் அம்மாவும் ஒரே தையல் தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். மூன்றாவது, செபமாலை.

அன்ரி பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவர். அங்கே நெடுங்காலம் ஆட்சி செய்த சனாதிபதியைப் பதவியிலிருந்து இறக்கவென்று சனம் தெருவை நிறைத்திருந்தது. அன்ரியின் தம்பியும் அந்தக் கூட்டத்தில், டாங்கிகளுக்கு முன்னால் நின்றான். அவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. மாலையில் அன்ரி கீழே வந்து செய்தி பார்ப்பார். பிறகு ஒவ்வொரு மந்திரத்திலும் முதற்பாதியை அம்மா தமிழில் சொல்ல, மீதியை அவர் தன் மொழியில் முடிப்பார். மாதாவுக்கு எல்லாம் விளங்கும் என்றார் அம்மா.

அன்று செய்தி தொடங்கியதுமே, எங்களோடு இருந்த அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, துள்ளி எழுந்தார்.

"ஓடிட்டான் அக்கா! சனாதிபதி குடும்பத்தோடை ஓடிட்டான்!"

புதுவருடத்துக்கு வாங்கி மிஞ்சிய வெடிகளோடு பால்கனிக்குப் பாய்ந்தார்.

"அவவின்ரை தம்பியின்ரை சேதி வரேல்லை, அதுக்குள்ளை உனக்கென்ன வெடி?" என்று அம்மா கத்தி முடிப்பதற்குள் தெருவே அதிர்ந்தது.

சிறிது நேரத்தில் வாசலில் ஒரு பொலிஸ்காரர். வெடி கொளுத்திய வீரர் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டார். யாரும் கேட்காமலே அப்பா, ஊரில் சோதனைச் சாவடிகளில் இராணுவத்துக்குக் காட்டிப் பழகியதுபோல, எங்கள் எல்லோருடைய அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அன்ரிதான் கதவைத் திறந்து, "நாங்கள் வென்றுவிட்டோம்!" என்று டேனிஷில் கூவினார்.

பொலிஸ்காரர் எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"எந்த மட்ச்?"

அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் மீன் ரோல்ஸ் தட்டை நீட்டினார். அவர் இரண்டு சாப்பிட்டு, இனி வெடி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அன்ரிக்குக் கைகொடுத்துப் போனார்.

அப்போதுதான் மேலே தொலைபேசி அடித்தது. அன்ரி செருப்பில்லாமல் ஓடினார். நாங்கள் முகட்டைப் பார்த்தபடி நின்றோம். ஒரு அலறல், பிறகு பெரிய சிரிப்பு, பிறகு தம்பியின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குதிக்கிற சத்தம். அம்மா சிலுவை அடையாளம் போட்டார். மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார்.

அப்பா மட்டும் தொலைக்காட்சியை விட்டு அசையவில்லை. அதில் ஒரு பெண் டாங்கியின் மேலிருந்த படைவீரனிடம் பூக்களை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அவங்கள் சுடேல்லையோ?" என்றார் அப்பா.

"இல்லை அத்தான், சுடேல்லை" என்றார் மாமா.

"சுடேல்லையோ?"

மேலே அன்ரி போட்ட சத்தத்தில் அப்பாவுக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன். அவருடைய காதருகே போய், என்னால் முடிந்த மட்டும் உரக்கச் சொன்னேன்:

"சுடேல்லையாம் அப்பா!"