ஐஸ் மேல் நிற்காதவள்

ஆர்டிஸ் ஹெக்லண்டுக்கு மீன் வாசனை ஆகாது. கோல்பர் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி வாழ்நாள் முழுவதும் இருந்தவள், உறைந்த ஏரியின் மேல் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. ஆனால் வடக்கு மினசோட்டாவில் ஐஸில் துளை போட்டு மீன் பிடிப்பவர்களுக்கு ஓர் இணைய மன்றம் இருந்தது. அதில் வரும் பதிவுகளைக் கண்காணிக்கும் மாடரேட்டர் அவள்தான். யாராவது இதைக் கிண்டல் செய்தால் மறுக்கமாட்டாள். "ஆமா, எனக்கு ஐஸைப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்பாள்.

மகள் சோல்வேக்கு இந்தப் பதில் பிடிக்காது. சோல்வே துலூத் நகரில் பாலங்களுக்குக் கணக்குப் போடும் பொறியாளர். தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க அவள் வேலையில் இடமில்லை.

ஆர்டிஸ் ஒரு கேஸ் கம்பெனியில் போன் எடுப்பவளாக இருந்து ஓய்வு பெற்றவள். தொட்டி காலி, வீட்டில் சூடு இல்லை, குழந்தை நடுங்குகிறது என்று குளிர்காலம் முழுக்க ஜனங்கள் அவள் காதில் கத்துவார்கள். கத்தி முடிக்கும் வரை கேட்பாள். பிறகு முகவரி கேட்பாள். கணவர் ஆரின் அந்த மன்றத்தைச் சமையலறை மேஜையில் திறந்து வைத்துவிட்டு ஏரிக்குப் போய்விடுவார். ஒருநாள் அதில் இரண்டு பேர் ஒரு இடத்துக்காகக் கட்டிப் புரளாத குறையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆர்டிஸ் கணவர் பெயரிலேயே எழுதினாள்: "ரெண்டு பேரும் கம்ப்யூட்டரை அணைச்சிட்டுப் போய் ஏதாவது சாப்பிடுங்க." சண்டை நின்றது. அப்போதைய மாடரேட்டர் அரிசோனாவுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். எழுதியது யார் என்று விசாரித்து, மன்றத்தின் கடவுச்சொல்லை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மறு வருஷம் ஆரின் மாரடைப்பில் போனார். மன்றம் அவளிடமே இருந்தது.

அவள் வைத்த விதி ஒன்றுதான். ஐஸ் நன்றாக இருக்கிறது என்று யாரும் எழுதக்கூடாது. எங்கே துளை போட்டாய், எத்தனை அங்குலம் இருந்தது, அதை மட்டும் எழுது. படிப்பவன் தன் துளையைத் தானே போட்டுக்கொள்வான். இதை மீறியது யாராக இருந்தாலும் பதிவை எடுத்துவிடுவாள். எடுத்த கையோடு எழுதியவருக்குப் போன் செய்வாள்.

"எழுத்துல திட்டிக்கிட்டா வளரும். காதுல திட்டினா தீர்ந்துபோயிடும்" என்பாள்.

லீலண்ட் க்ராஸ் அந்த ஊருக்கு வந்தது அதற்குப் பிறகுதான். பல்கலைக்கழகத்தில் வெப்ப இயல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மரியாதையான மனிதர். ஏரியோரம் வீடு வாங்கி, முதல் குளிர்காலத்திலேயே மன்றத்தில் ஒரு அட்டவணை போட்டார். எத்தனை நாள் எவ்வளவு குளிர் அடித்தால் ஐஸ் எவ்வளவு கனம் ஆகும், எந்தக் கனத்தில் ஆள் நடக்கலாம், எந்தக் கனத்தில் வண்டி ஓட்டலாம் என்று அதில் இருந்தது. எல்லோரும் கொண்டாடினார்கள்.

ஆர்டிஸ் அதை மகளுக்கு அனுப்பினாள். சோல்வே மதிய உணவு நேரத்தில் உட்கார்ந்து சரிபார்த்தாள்.

"சரியா இருக்கும்மா. அழகாவே போட்டிருக்கார்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"சரி. அப்போ எடுத்துடறேன்."

"என்னது? சரியா இருக்குன்னு இப்பத்தானே சொன்னேன்!"

"தப்பா இருந்தா நாலு பேர் சண்டைக்கு வருவாங்க, தானா அடங்கிடும். சரியா இருந்தா நம்புவாங்கடி. தாளைப் பாத்துட்டு வண்டியை எடுத்துக்கிட்டு ஆத்து வாய்ப் பக்கம் போவாங்க. அடியில தண்ணி ஓடி ஐஸைத் தின்னுடற இடம் அவர் தாள்ல இருக்கா?"

சோல்வே மறுபடி பார்த்தாள். தாளில் அது இல்லை.

க்ராஸ் போனில் கத்தவில்லை. அதுதான் ஆர்டிஸுக்குச் சங்கடமாக இருந்தது. "மிஸஸ் ஹெக்லண்ட், நீங்க எடுத்தது என்னன்னு உங்களுக்குப் புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

"புரியலைங்க."

அடுத்த டிசம்பரில், ஏரி நன்றாக உறையும் முன் நடக்கும் மன்றத்தின் வருடாந்தரக் கூட்டத்தில், க்ராஸ் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். மாடரேட்டராக இருப்பவருக்குத் துறை சார்ந்த பட்டமோ லைசென்ஸோ வேண்டும். தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூட்டம். மேஜை நிறைய வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுவந்த ஹாட்டிஷ் பதார்த்தத் தட்டுகள். ஊர் பாரில் பரிமாறும் கார்லா காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளும் மீன் பிடிப்பவள்தான். சோல்வே அம்மாவுக்குத் துணையாக வந்திருந்தாள்.

"நான் உங்க குணத்தைப் பத்திப் பேசல" என்றார் க்ராஸ். "ஒருத்தர் தப்பான தகவல் போடறார். அது தப்புன்னு உங்களால கண்டுபிடிக்க முடியுமா?"

"முடியாது" என்றாள் ஆர்டிஸ்.

 சோல்வேக்கு முகம் சூடேறியது.

"அதனாலதான் எல்லார்கிட்டயும் ஒரே கேள்வியைக் கேக்கறேன். தெரிஞ்சவங்ககிட்டயும். எங்க துளை போட்டீங்க?"

"எது தப்புன்னே தெரியாதவங்க எப்படிங்க காவல் இருக்க முடியும்?"

"ஏய் ஆர்டிஸ்" என்று பின்வரிசையிலிருந்து வெண்டல் குரல் கொடுத்தான். ஆரினோடு பள்ளியில் படித்தவன். "மீன் நாத்தம் அடிச்சாலே மூக்கைப் பொத்திக்கறவ. எங்களுக்கு நீ மேஸ்திரியா?"

"உன் நாத்தத்தையே முப்பது வருஷமா பொறுத்துக்கிட்டிருக்கேனே வெண்டல்."

சிரிப்பு வந்தது. ஓட்டு வரவில்லை. கைகள் உயர்ந்தபோது பாதிக்கு மேல் க்ராஸ் பக்கம் இருந்தன. சோல்வே எழுந்தாள். தன்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, தான் பேசினால் எடுபடும் என்று நினைத்தாள். ஆர்டிஸ் அவள் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

காரில் சோல்வே வெடித்தாள். "அந்தக் கணக்கு சரின்னு நான் சொல்லியிருக்கவே கூடாது."

"ஏன், பொய் சொல்லணுமா?"

"விட்டுடப் போறியா?"

"பதவிதானே போச்சு, வாய் போகலையே."

அந்தக் குளிர்காலத்தில் ஆர்டிஸ் சாதாரண உறுப்பினராக மன்றத்தில் இருந்தாள். ஒவ்வொரு பதிவின் கீழும் போய் அதே கேள்வியைக் கேட்டாள். பதில் சொல்லாதவர்களைப் போனில் பிடித்தாள். வெண்டல் அவளுக்குக் கொசு என்று பெயர் வைத்தான். பெயர் வைத்த கையோடு, எங்கே துளை போட்டேன் என்று எழுதவும் ஆரம்பித்தான்.

ஜனவரியில் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. மிகவும் தாமதம். சோல்வே விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். முன்னறையில் கட்டில் போட்டார்கள். மருந்துகளின் நேரத்தை அவள் பார்த்துக்கொண்டாள். அவளால் செய்ய முடிந்தது அதுதான்.

ஒரு மதியம் க்ராஸ் போன் செய்தார். இப்போது அவர்தான் மாடரேட்டர். சோல்வே ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் தலையணையருகில் வைத்தாள்.

"மிஸஸ் ஹெக்லண்ட், தொந்தரவுக்கு மன்னிக்கணும். ஒருத்தர் ஆத்து வாய் தாண்டி வண்டி போகலாம்னு போட்டிருக்கார். லைசென்ஸ் உள்ள பொறியாளர். கணக்கெல்லாம் காட்டியிருக்கார். நான் ரெண்டு தடவை பாத்துட்டேன், தப்பு கண்டுபிடிக்க முடியல."

"துளை போட்டாராமா?"

"அதைச் சொல்லல."

"அப்போ எடுத்துடுங்க."

"என்ன காரணம் சொல்றது? என்னைவிட அவருக்கு இதுல அனுபவம் அதிகம். ரொம்பக் கோபப்படுவார்."

ஆர்டிஸ் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "படட்டுமே. கரையில நின்னு கோபப்படட்டும்."

தண்ணீர் கேட்டு வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"எடுத்த உடனே கூப்பிடுங்க. அவரா கூப்பிடட்டும்னு இருக்காதீங்க. முதல்ல அவர் பேசி முடிக்கட்டும். நடுவுல விளக்கம் சொல்லாதீங்க, உங்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கு."

க்ராஸ் பதிவை எடுத்தார். அந்த வாரம் ஆற்று வாய்ப் பக்கம் யாரும் வண்டி ஓட்டவில்லை. ஐஸ் தாங்கியிருக்குமா, தாங்கியிருக்காதா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பிப்ரவரியில் ஆர்டிஸ் இறந்தாள்.

இறுதிச் சடங்கு முடிந்து, லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில், ஹாம் சாண்ட்விச்சும் காபியுமாக நின்றுகொண்டிருந்தபோது, க்ராஸ் சோல்வேயிடம் வந்தார். தனியாளாகச் சமாளிக்க முடியவில்லை என்றார். "உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கு. அம்மா இடத்துல நீங்க வந்தா எல்லாருக்கும் சம்மதம்."

"அந்த விதிப்படி நான் வரலாம்" என்றாள் சோல்வே. "எங்கம்மா வர முடியாது. அப்படி ஒரு இடம் எனக்கு வேண்டாம்."

"விதியை மாத்தணும்னா டிசம்பர் கூட்டத்துலதான் மாத்த முடியும்."

"அப்போ டிசம்பர்ல வரேன்."

வந்தாள். அதுவரை மன்றத்தில் உறுப்பினராகி மாதச் சந்தாவைக் கட்டினாள், ஒரு வரி எழுதவில்லை. வரும் வழியெல்லாம் பனி கொட்டியது. கூடத்தில் அவள் முறை வந்ததும் எழுந்து நின்றாள். பேச்சு தயாரித்திருந்தாள். அதைக் கோட்டுப் பையிலேயே விட்டுவிட்டாள்.

"நான் ஒரு பாலத்துக்குக் கையெழுத்துப் போட்டா, அது விழுந்தா நான் ஜெயிலுக்குப் போகணும். அதுக்குத்தான் லைசென்ஸ். இங்க யாரும் எதுக்கும் கையெழுத்துப் போடல. இங்க வேண்டியது, யார் எழுதியிருந்தாலும் கேக்கற ஆளு. படிச்சவங்களைப் படிச்சவங்க கேக்கறதுக்குக் கூச்சப்படறோம். நானும்தான். அந்த விதியை எடுத்துடுங்க."

"எனக்கு இன்னும் சம்மதம் இல்ல" என்றார் க்ராஸ். "கணக்குப் பாக்க ஒரு ஆள் வேணும்."

"நீங்க இருங்க. உங்களைக் கேட்டுக்கலாம்."

கைகள் உயர்ந்தன. க்ராஸ் கையை மடியிலேயே வைத்திருந்தார். போன வருஷம் எதிர்ப்பக்கம் தூக்கிய வெண்டல் இந்த முறை இரண்டு கையையும் தூக்க, ஒன்றை இறக்கச் சொன்னார்கள். விதி போனது.

"அப்போ நீயே உக்காரும்மா" என்றான் வெண்டல்.

"எனக்கு முதல் நிமிஷத்துலயே கோபம் வந்துடும். கார்லா உக்காரட்டும்."

காபிக் கூஜாவோடு நின்ற கார்லா திரும்பினாள். "நானா? எனக்கு ஹைஸ்கூலே பாதிதான்."

"நான் வழிமொழியறேன்" என்றார் க்ராஸ். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "என்னையே ஒரு தடவை பாரை விட்டு வெளியே அனுப்பியிருக்காங்க. ரொம்ப மரியாதையா."

கூடம் சிரித்து ஓய்ந்த பிறகு, கார்லா கூஜாவை வைத்துவிட்டு சோல்வே அருகில் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மா பேர் இன்னும் மன்றத்து போன் பட்டியல்ல இருக்கு. அப்படியே விட்டுவைக்கவா? யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

சோல்வே கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பொத்தான் நழுவியது. மறுபடி போட்டாள்.

"எடுத்துடுங்க" என்றாள். "பேருக்கு நேரா இருக்கற நம்பரைக் கூப்பிட்டா எடுக்கற ஆளு இருக்கணும்."